மின்னஞ்சற் பெட்டியின் துறைகளும் நெறிகளும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிற் காணப்படும் தமிழ்க் கல்வெட்டொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொலன்னறுவையிலிருந்து அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கி நிற்பது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து சேர்தல் வேண்டும் என்றும், அவர்க்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அது கூறுகின்றது. அதனோடு அமையாது, யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலிலொரு கூறு அரச பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் உரியன என்றும், பிற சரக்கு ஏற்றிய மரக்கலம் கெட்டால் சரிபாதி உடையவனைச் சேரும் என்றும் வகுக்கின்றது. இன்று ஊர்காவற்றுறை எனப்படும் இடமே அவ்வூராத்துறை. துறை என்று ஒன்று இருப்பின், அங்கு யார் வரலாம், எதைக் கொண்டுவரலாம், வந்த பொருள் கெட்டுப்போனால் யாருடைய இழப்பு யாரைச் சாரும் என்பனவற்றுக்கு ஒரு நெறியும் உடனிருத்தல் வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தனர்.

கணினியியலார் வழங்கும் 'துறை' என்னுஞ் சொல்லும் இதே பொருளில் வைத்து விளங்கிக்கொள்ளத்தக்கது. வலையமைப்பிற் சேர்ந்த ஒரு கணினிக்கு 65,535 வரை எண்ணிட்ட துறைகள் உண்டு. கப்பல்கள் அணைவதற்குக் காங்கேசன்துறையும் பருத்தித்துறையும் வெவ்வேறாக இருப்பது போல, ஒவ்வொரு வகைச் சேவையும் தனக்கென வகுத்த துறையிலேயே வந்து அணைகின்றது. அங்கு இரு கணினிகளும் எம்முறையில் உரையாடல் வேண்டும் என்பதை வகுப்பது 'நெறிமுறை'. மேனாட்டுக் கலைகளைத் தமிழிற் சொல்ல இயலுமோ என்னும் ஐயம் இந்நாட்டில் நெடுங்காலத்துக்கு முன்னரே தீர்ந்துவிட்டது. 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தபோது, ஊரில் வழங்கிய சொல்லையே முதலில் நாடினார். துறை என்னுஞ் சொல்லும் அவ்வாறு ஊரிலிருந்து எடுத்ததே. பொருத்தம் எதிர்பாராத அளவுக்கு நன்றாகவே அமைந்துவிட்டது.

மின்னஞ்சல் ஒரே நெறியால் நடைபெறுவதன்று. எழுதியவரிடமிருந்து பெறுபவரின் வழங்கிக்கு, அதாவது அஞ்சலைக் காத்துநிற்கும் கணினிக்கு, அதனைக் கொண்டு செல்லும் நெறி ஒன்று. அங்கே தேங்கி நிற்கும் அஞ்சலைப் பெறுபவர் தம் கைக்கு எடுத்துக்கொள்ளும் நெறி மற்றொன்று. முன்னையது தபாற்பைகளை ஒரு தபாற்கந்தோரிலிருந்து மற்றொரு கந்தோருக்குக் கொண்டுசெல்வதை ஒக்கும். பின்னையது கந்தோரிலுள்ள தனிப்பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுப்பதை ஒக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியாமையே மின்னஞ்சற் பெட்டிகளை அமைப்போர் இடர்ப்படுதற்குப் பெருங்காரணம். 'அஞ்சல் போகின்றது, ஆயின் வரவில்லை' என்று ஒருவர் முறையிடும்போது, அவர் அறியாமலே இவ்விரு நெறிகளையும் வேறுபடுத்திக் கூறிவிடுகின்றார்.

கொண்டு செல்லும் நெறி எஸ்.எம்.ரி.பி. எனப்படும். 1982ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் ஜோன் போஸ்ரல் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை வரையறுத்து வெளியிட்டார். பயனரின் பெயரையும் அவருடைய கணினியின் பெயரையும் சுழியிட்ட 'ஏ' என்னும் குறியாற் பிரிக்கும் வழக்கம் 1971இல் ரே தொம்லின்சன் தொடங்கியது. அக்குறிக்கு வலப்புறத்தில் நிற்பது வீட்டின் விலாசம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலாசம் 'ஜே.எவ்.என்.' என்னும் மூன்றெழுத்தில் தொடங்கி, கல்வி நிறுவனத்தைக் குறிக்கும் 'ஏ.சி.', இலங்கையைக் குறிக்கும் 'எல்.கே.' என முடிவது. அனுப்பும் வழங்கி முதலில் இணையத்தின் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்து, இந்த வீட்டுக்கு அஞ்சல் ஏற்பவர் யார் என்று கேட்டறிகின்றது. பின்னர் அவருடைய 25ஆம் துறையில் அணைகின்றது.

தூதரை மூவகைப்படுத்திய கௌடலியர், ஓலையைக் கொண்டுபோய்க் கொடுத்து மீள்பவனை மூன்றாம் வகையினனாக வைத்தார். எஸ்.எம்.ரி.பி. அம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. அது ஓலையின் பொருளை ஆராய்வதில்லை. ஆயின் பொறுமை மிக்கது. பெறும் வழங்கி விழித்திராவிடில் ஓலையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயல்கின்றது. முயற்சிகளுக்கிடையே அரைமணி நேரமாவது இடைவெளி விடவேண்டும் என்பதும், நான்கைந்து நாள்களேனும் முயன்ற பின்னரே கைவிட வேண்டும் என்பதும் அந்நெறியின் அறிவுறுத்தல். 2022ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. அத்தகைய நாள்களில் ஒரு கல்லூரியின் வழங்கி இரவு முழுதும் அணைந்து கிடந்தாலும் அதற்கு வரவேண்டிய கடிதங்கள் அழிவதில்லை. அனுப்பியவரின் வழங்கியிற் காத்திருந்து மின்சாரம் மீண்டதும் வந்துசேரும்.

இலங்கையில் மின்னஞ்சல் வழக்கத்துக்கு வந்த காலத்தை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் பேராசிரியர் அபய இந்துருவையின் முயற்சியால், 1990ஆம் ஆண்டளவில் 'லேர்ண்' என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் அஞ்சற் சேவையைத் தொடங்கினர். நிலையான இணைப்பு அக்காலத்தில் இல்லை. தொலைபேசி வழியே வெளிநாட்டுக் கணினியை அழைத்து, சேர்ந்திருந்த கடிதங்களை ஒருங்கே கொடுத்து வாங்கினர். அதே 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தையும் தொலைபேசியையும் இழந்தது. தெற்கில் ஒரு கடிதம் கண்டங்களைக் கடந்து செல்லத் தொடங்கிய அந்த ஆண்டிலேயே, வடக்கில் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் எழுதிய கடிதம் கொழும்பைச் சேர்வதற்கு வாரங்கள் பல சென்றன. 2002ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் யாழ் நகரில் இணைய நிலையங்கள் பெருகின. பலருக்கு மின்னஞ்சல் முதன்முதல் அறிமுகமானது அங்கேதான். பிறருடைய கணினியில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து.

இனி, வந்த கடிதத்தை எடுத்துக்கொள்ளும் நெறிகள். இவை இரண்டு: பொப் ஒன்று, ஐமாப் மற்றொன்று. பொப் 1984இல் தோன்றியது. அதன் மூன்றாம் வடிவம் 1988இல் வந்தது. இன்று வழக்கிலுள்ள அதன் வரையறை 1996ஆம் ஆண்டுக்குரியது. தொலைபேசி இணைப்புக்கு நிமிடக்கணக்கிற் பணம் செலுத்திய காலத்தின் குழந்தை அது. வழங்கியை அழைத்து, பெயரும் கடவுச்சொல்லும் கூறி, எத்தனை கடிதங்கள் உள்ளன என்று கேட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, 'நீக்குக' என்று சொல்லி விடைபெறும். எடுத்த கடிதம் வாசகரின் கணினியிற் கிடக்கும். வழங்கியின் பெட்டி வெறுமையாகும். இந்நெறியை இயற்றியோர் ஒரு நுட்பத்தை மறவாது வைத்துள்ளனர். 'நீக்குக' என்ற மாத்திரத்திற் கடிதம் நீங்குவதில்லை. கணினி முறைப்படி விடைபெறும்போதே நீக்கம் நிறைவேறும். இடையில் மின்சாரம் நின்றாலோ தொலைபேசி அறுந்தாலோ வழங்கி எதனையும் நீக்குதல் கூடாது. ஆதலின் அடுத்த முறை அதே கடிதம் மீண்டும் வருதல் கூடும். இரட்டைக் கடிதங்களைக் கண்டு சலிப்போர், அவை கடிதம் இழக்கப்படாமைக்குக் கொடுத்த விலை என்று அறிவாராயின் பொறுத்துக்கொள்வர்.

குறை வேறிடத்தில் உள்ளது. குடாநாட்டிற் கல்லூரியொன்றின் கந்தோரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் பழைய மாணவர் அக்கல்லூரியின் முகவரிக்கு எழுதுகின்றனர். ஒருவர் தாம் பயின்ற ஆண்டுகளை உறுதிப்படுத்தும் சான்றிதழ் வேண்டுகின்றார். இடப்பெயர்வில் தம் ஆவணங்கள் யாவற்றையும் இழந்தவர் அவர். மற்றொருவர் தம் வகுப்பினரின் பழைய நிழற்படங்களைத் தேடியெடுத்து அனுப்புகின்றார். வேறொருவர் நூலகத்துக்கு நன்கொடை தருவதாக எழுதி, கணக்கு விபரம் கேட்கின்றார். இவை யாவும் இலிகிதரின் மேசையிலுள்ள ஒரு கணினிக்குப் பொப் நெறியால் இறங்கி, வழங்கியிலிருந்து நீங்குகின்றன. அதிபர் மாறுகின்றார், இலிகிதர் இடமாற்றம் பெறுகின்றார், கணினியின் வட்டு ஒரு நாள் பழுதாகின்றது. பத்தாண்டுக் கடிதத் தொடர்பு அவ்வட்டோடு அழிகின்றது. வழங்கியிற் பிரதியில்லை. கல்லூரி எழுதிய மறுமொழிகளும் இல்லை; ஏனெனில் பொப் நெறிக்கு வரும் பெட்டி ஒன்றையன்றி வேறு பெட்டி தெரியாது, அனுப்பிய கடிதங்கள் அக்கணினியில் மட்டுமே இருந்தன.

ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்திருத்தலின் விலை என்ன என்பதை இவ்வூருக்கு வேறொருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றுள் மறுபிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அத்தீயையும் ஒரு வட்டின் பழுதையும் ஒப்பிடுதல் தகாது. அது மனிதர் செய்த கொடுமை. எனினும் மறுபிரதி உள்ளதா என்னும் வினா இரண்டிடத்தும் ஒன்றே.

பொப் நெறியிலேயே இக்குறையை ஓரளவு தவிர்க்கலாம். வாசிப்புச் செயலியில் 'வழங்கியிற் பிரதியை விட்டுவைக்க' என்னும் அமைப்பு உண்டு. ஒவ்வொரு கடிதத்துக்கும் வழங்கி தனித்த அடையாளம் ஒன்றைக் கொடுப்பதனால், எவை முன்னரே எடுக்கப்பட்டன என்று செயலி நினைவிற் கொள்ளும். ஆயினும் இது ஒட்டுப்போட்ட சட்டையே. ஒரு கணினியில் வாசித்த கடிதம் மற்றொன்றில் வாசிக்கப்படாததாகத் தோன்றும். மறுமொழி எழுதியாயிற்றா என்பதும் தெரியாது.

ஐமாப் நெறியின் அடிப்படையே வேறு. 1986ஆம் ஆண்டளவில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் இதனை உருவாக்கினார். கடிதம் இருக்க வேண்டிய இடம் வழங்கியே, வாசகரின் கணினி அதனைப் பார்க்கும் சாளரம் மட்டுமே என்பது அவருடைய கொள்கை. நான்காம் வடிவம் 1994இலும், அதன் இரண்டாந் திருத்தம் 2021இலும் வெளிவந்தன. வாசித்தது, மறுமொழி அளித்தது, கொடியிட்டது என்னும் அடையாளங்கள் வழங்கியிலேயே பதியப்படுகின்றன. உறைகள் பல வகுக்கலாம்; அனுப்பியவையும் வரைவுகளும் அவ்வுறைகளில் அடங்கும். அதிபர் தம் கைத்தொலைபேசியில் வாசித்த கடிதம் இலிகிதரின் கணினியிலும் வாசித்ததாகவே தோன்றும். பெரிய இணைப்போடு வந்த கடிதத்தின் தலைப்பை மட்டும் பார்த்து, தேவையாயின் இணைப்பை எடுக்கவும் இயலும். மெல்லிய இணைய இணைப்புள்ள தீவுப்பகுதிகளுக்கு இது சிறு நன்மையன்று.

இதற்கும் விலையுண்டு. யாவும் வழங்கியிலேயே இருப்பதனாற் பெட்டி நிரம்புகின்றது. ஒதுக்கிய இடம் முடிந்தால் வருங் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஒருவர் தவறுதலாக ஒரு கடிதத்தை நீக்கினால் அது எல்லாச் சாளரங்களிலிருந்தும் மறையும். ஐமாப் இருப்பதனாற் பிரதி எடுக்க வேண்டியதில்லை என்று எண்ணுவது பிழை. வழங்கியை நாள்தோறும் வேறிடத்திற் பிரதிசெய்து வைத்தல் தனிப்பணி; எந்நெறியும் அதனைத் தானாகச் செய்து தராது.

பெட்டிகளை அமைக்கும் பொறுப்பாளர் இரண்டு படிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். வழங்கியில் ஒரு சேவை இயங்குகின்றதா என்பது முதற்படி. இன்ன பயனர் அச்சேவையைப் பயன்படுத்தலாமா என்பது இரண்டாம் படி. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் வழங்கியை நிறுவினால், பொப், ஐமாப் சேவைகள் தாமாக இயங்குவதில்லை; பொறுப்பாளர் அவற்றைத் தொடங்குதல் வேண்டும். ஆயின் பயனர் பெட்டிகளிலோ அந்நெறிகளுக்கான அனுமதி முன்னரே திறந்து கிடக்கும். ஆகவே ஒருவருக்காகச் சேவையைத் தொடங்கிய அன்றே அனைவருக்கும் கதவு திறந்துவிடுகின்றது. இதனை உணர்ந்தவர் சேவையைத் தொடங்குமுன்னர் ஒவ்வொரு பெட்டியிலும் பொப் அனுமதியை மூடி, தேவையுள்ளவருக்கு மட்டும் ஐமாப் அனுமதியை விடுவர். பொதுப் பயன்பாட்டுக்குரிய வழங்கிகளில் டவ்கொற் என்பது பெயர்பெற்றது. 2002இல் முதன்முதல் வெளிவந்த அச்செயலியின் பெயருக்குப் புறாக்கூடு என்பது பொருள். தூது இலக்கியம் பயின்றவர்க்கு அப்பெயர் இனிக்கும். அதிலும் இவ்விரு படிகளும் உண்டு.

அடுத்தது துறையெண். பொப் நெறியின் பழைய துறை 110. ஐமாப் நெறியின் பழைய துறை 143. இவற்றில் மறைகுறியாக்கம் இன்றி உரையாடினால், பயனரின் பெயரும் கடவுச்சொல்லும் கடிதமும் திறந்த அஞ்சலட்டை போல வழியிலுள்ளோர் எவரும் வாசிக்கத்தக்கனவாகச் செல்லும். முதலில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கி, பின்னர் 'இனி மறைவாகப் பேசுவோம்' என்று மாறுகின்ற முறையொன்று இடையில் வந்தது. அம்மாற்றத்தை வழியிலிருப்பவன் தடுத்துவிடக்கூடும் என்பது அதன் பலவீனம். ஆதலின் 2018ஆம் ஆண்டில் இணையப் பொறியியற் செயலணி, தொடக்கம் முதலே ரி.எல்.எஸ். என்னும் மறைகுறியாக்கத்தோடு பேசுந் துறைகளையே பரிந்துரைத்தது. ஐமாப்புக்கு 993, பொப்புக்கு 995, பயனர் தம் கடிதத்தை ஒப்படைப்பதற்கு 465 என்பன அவை. ஒப்படைப்பதற்கு 587ஆம் துறையும் பரவலாக வழக்கில் உள்ளது. 25ஆம் துறை வழங்கிகள் தம்முட் பேசுதற்குரியது. பயனரின் கணினியில் அதனை இட்டுவிட்டு, வீட்டிணைப்பிலிருந்து அஞ்சல் போகவில்லையே என்று வருந்துவோர் பலர். பல இணையச் சேவையாளர் வேண்டா அஞ்சலைத் தடுக்கும்பொருட்டு அத்துறையை அடைத்து வைத்துள்ளனர்.

கடவுச்சொல்லும் முன்போல் இல்லை. 2022ஆம் ஆண்டிற் கூகிள் தனியாட் கணக்குகளிலும், மைக்ரோசொவ்ற் தன் இணையவழி அஞ்சற் சேவையிலும், பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கூறிப் பெட்டியைத் திறக்கும் பழைய முறையை நிறுத்தத் தொடங்கின. அவ்வாண்டிற் பல கந்தோர்களில் நேற்றுவரை இயங்கிய செயலி இன்று கடவுச்சொல் பிழை என்று கூறியது. கடவுச்சொல்லோ சரியாகவே இருந்தது. மாறியது வாயிலின் வழக்கம். ஒரு கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்துகொள்ளும் கந்தோர் வழக்கமும் இதனோடு கைவிடத்தக்கது. ஐமாப் நெறியில் ஒரு பொதுப்பெட்டிக்குப் பலருக்குத் தனித்தனி உரிமை வழங்கலாம். ஒருவர் வாசிக்க மட்டும், மற்றொருவர் நீக்கவும் என வரையறுக்கலாம். இலிகிதர் இடமாற்றம் பெறும் நாளில் அவருடைய உரிமையை மட்டும் எடுத்துவிட்டால் போதும், பெட்டி கல்லூரியோடே நிற்கும்.

தமிழ் எழுத்துக்கு இந்நெறிகளில் உள்ள இடம் தனியே நோக்கத்தக்கது. எஸ்.எம்.ரி.பி. வகுக்கப்பட்டபோது ஆங்கில எழுத்துக்கே இடமிருந்தது. 1992இல் வந்த மைம் என்னும் விதி பிறமொழிக் கடிதங்களுக்கு வழிகாட்டியது. 'தமிழ்' என்னும் சொல்லைக் கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகக் கொள்கின்றது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாகப் பதினைந்து பைட்டு. அதனைப் பழைய பாதையிற் கொண்டு செல்வதற்கு ஒரு முறையில் 20 ஆங்கிலக் குறிகளும், மற்றொரு முறையில் 45 குறிகளும் வேண்டும். கடிதம் எழுதுவோர் இதனைக் காண்பதில்லை. செயலி பிழைத்தபோதே பொருளற்ற எழுத்துக்குவியலாக அது வெளிப்படுகின்றது. ஐமாப் உறைக்குத் தமிழிற் பெயரிட்டாலும் இதே நிலை. பழைய வடிவம் அப்பெயரை வேறோர் எழுத்துருவாக்கத்தில் மறைத்து வைக்கும். 2021ஆம் ஆண்டுத் திருத்தமே உறைப் பெயரைத் தமிழாகவே ஏற்கின்றது.

விலாசத்தின் வலப்புறம் தமிழில் அமைவதற்கு 2010ஆம் ஆண்டிலேயே இடம் உண்டாயிற்று. 'இலங்கை' என்பது இந்நாட்டின் தமிழ்ப் பெயர்முடிவாக அவ்வாண்டில் ஏற்கப்பட்டது. இடப்புறத்திலுள்ள பயனரின் பெயரையும் தமிழில் எழுதுவதற்கான நெறிகள் 2012, 2013ஆம் ஆண்டுகளில் எஸ்.எம்.ரி.பி., ஐமாப், பொப் ஆகிய மூன்றுக்கும் வெளியிடப்பட்டன. ஆகவே ஒரு கல்லூரி தன் மாணவர்க்கு முழுவதும் தமிழில் அமைந்த முகவரிகளைக் கொடுத்தல் இன்று இயல்வதே. அதற்குத் தன் வழங்கியில் அந்த விரிவைத் திறந்து வைத்தல் வேண்டும். எனினும் அம்மாணவர் அனுப்பும் கடிதம் செல்லும் வழியில் உள்ள வழங்கி ஒன்று அவ்விரிவை அறியாதிருப்பின், கடிதம் அவ்விடத்தில் நின்று எழுதியவரிடமே திரும்பும். அதனால் தமிழ் முகவரியோடு ஆங்கில எழுத்தில் அமைந்த மறுபெயர் ஒன்றையும் ஒவ்வொரு பெட்டிக்கும் இட்டு, இரண்டுக்கும் வருங் கடிதங்களை ஒரே பெட்டியிற் சேர்ப்பிப்பது இப்போதைக்கு வழக்கமாக உள்ளது.